கூலியும் மன்னிப்பும்: ‘காம்ப் தெ தியாரோய்’ திரைப்படத்தை முன்வைத்து

ஃபிக்ஹு நூல்களின் ‘இஜாரா’ப் பாடத்தில் நுட்பமான ஒரு வினா ஆராயப்படுகிறது. ஒருவர் மற்றொருவரை வேலைக்கு அமர்த்துகிறார், வேலையும் முடிந்துவிடுகிறது. அதன் பின்னரே, அவ்வொப்பந்தம் தொடக்கத்திலிருந்தே பழுதுடையது என்பது தெரியவருகிறது. உழைத்தவருக்குக் கூலி உண்டா? ஹனஃபி, ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் இரு சாராரும் உண்டு என்றே விடை பகர்ந்தனர். ஒப்பந்தம் செல்லாதெனினும், அத்தகைய வேலைக்கு வழக்கத்தில் உள்ள கூலி, அதாவது ‘உஜ்ரத்துல் மித்ல்’, அவருக்குச் சேர வேண்டும். ஒப்பந்தம் பழுதாகலாம், சிந்திய வியர்வை பழுதாவதில்லை என்பதே இச்சட்டத்தின் உட்கருத்து. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸி, ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றிருப்பதை நம் வாசகர்கள் அறிவர்.

செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேனும் தியர்னோ ஃபாத்தி ஸோவும் இணைந்து 1988இல் இயக்கிய ‘காம்ப் தெ தியாரோய்’ (தியாரோய் முகாம்) என்னும் திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகும்போது இந்தச் சட்ட வினாவே முதலில் நம் நினைவுக்கு வருகிறது. காலனிய ஆதிக்கத்தின் கொடுமையைச் சொல்லும் படங்கள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நம் இரக்கத்தை வேண்டி நிற்பவை. இந்தப் படமோ ஒரு கணக்கை நம் முன் வைக்கிறது. அந்தக் கணக்கு எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் குறைவுபட்டிருக்கிறது என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

நிகழ்ந்தது என்ன?

ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் ஆட்சி செய்த பிரெஞ்சு அரசு, 1857இல் ஆளுநர் ஃபெதெர்ப் என்பவரின் முயற்சியால் ஒரு படைப்பிரிவை அமைத்தது. ‘செனகல் திராயர்கள்’ என்பது அதன் பெயர். பெயரில் செனகல் இருந்தாலும், மாலி, கினி, நைஜர், ஐவரி கோஸ்ட், சாட் என்று இன்று நாம் அறியும் பல நாடுகளின் மைந்தர்களும் அதில் இருந்தனர். விரும்பிச் சேர்ந்தோர் சிலர். வறுமை துரத்தச் சேர்ந்தோர் சிலர். கிராமத் தலைவர்களிடம் எண்ணிக்கை சொல்லிக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டோர் பலர். முதல் உலகப் போரில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரட்டப்பட்ட சுமார் 2,00,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர். அவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள்.

1940 ஜூன் மாதம் பிரான்சு வீழ்ந்தபோது இவ்வீரர்களில் பல்லாயிரவர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டனர். கறுப்பர்கள் தம் மண்ணில் கால் வைத்தால் இனத்தூய்மை கெடும் என்று அஞ்சிய நாஜிகள், அவர்களுள் பெரும்பாலோரைப் பிரெஞ்சு மண்ணிலேயே அமைத்த முகாம்களில் அடைத்தனர். நான்கு ஆண்டுகள் கழிந்து விடுதலை வந்தது. தாயகம் திரும்புவோருக்குச் சிறைக்கால ஊதிய நிலுவையும் படைவிடுப்புப் படியும் உரியனவாயின. நிலுவையில் ஒரு பங்கு கப்பலேறும் முன்பும், எஞ்சியது டாக்கர் நகரை அடைந்த பின்பும் வழங்கப்பட வேண்டும் என்பது விதி. மோர்லே துறைமுகத்திலேயே பணம் முறையாகக் கைக்கு வராமையால் சுமார் 300 பேர் கப்பலேற மறுத்துவிட்டனர். ஏறியவர்கள் 1944 நவம்பர் 21 அன்று டாக்கரில் இறங்கி, நகருக்கு வெளியே தியாரோய் முகாமில் தங்கவைக்கப்பட்டனர்.

அங்கும் பணம் வரவில்லை. பமாக்கோவுக்குப் புறப்படுமாறு பணிக்கப்பட்ட 500 பேர், நிலுவை கிடைக்காமல் நகர மாட்டோம் என்று நின்றனர். நவம்பர் 28இல் முகாமுக்கு வந்த தளபதி தன்யான் வீரர்களின் எதிர்ப்பைச் சந்தித்து, வாக்குக் கொடுத்துத் திரும்பினார். திரும்பியவர் எழுப்பிய குற்றச்சாட்டு ‘கலகம்’ என்பது. டிசம்பர் 1ஆம் நாள் காலையில் கவச வண்டிகளும் துருப்புகளும் முகாமைச் சூழ்ந்தன. சுடப்பட்டு இறந்தோர் 35 பேர் என்றது ஓர் அரசுக் கணக்கு. 70 பேர் என்றது அதே இராணுவத்தின் மற்றோர் ஆவணம். 300க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் முடிவு. உயிர் பிழைத்தோரில் 34 பேருக்கு ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் நாட்டின் அதிபராகிய வென்சான் ஒரியோலின் காலத்தில், 1947இல், பொதுமன்னிப்பின் பேரில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

‘மன்னிப்பு’ என்னும் இச்சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கடன் கொடுக்க வேண்டியவன், கடனைக் கேட்டவனை மன்னித்திருக்கிறான். கடன் மட்டும் அப்படியே இருந்தது. அடியார்களின் உரிமையாகிய ‘ஹக்குல் இபாத்’தை உரியவரே விட்டுக்கொடுத்தாலன்றி அதிலிருந்து மீட்சியில்லை என்று கற்றிருக்கும் நமக்கு, இந்தத் தலைகீழ் மன்னிப்பின் பொருள் எளிதில் விளங்கும்.

கணக்கைக் கணக்காகவே சொன்ன படம்

செம்பேனின் பெருஞ்சிறப்பு, இந்நிகழ்ச்சியை வீரக் காவியமாக்கும் ஆசையை அடக்கிக்கொண்டதில் இருக்கிறது. இரண்டரை மணி நேரப் படத்தில் போர்க்களமே இல்லை. உணவு, உடை, பணமாற்று விகிதம் என்னும் மூன்று அற்ப விஷயங்களைச் சுற்றியே படம் நகர்கிறது. தட்டில் இறைச்சி இல்லை என்பதில் முதல் சச்சரவு. ஐரோப்பாவில் கிடைத்த அமெரிக்கச் சீருடையைப் பறித்துக்கொண்டு, காலனியத் திராயர்களுக்குரிய சிவப்புத் தொப்பியையும் அரைக்கால் சட்டையையும் கொடுப்பதில் அடுத்த அவமதிப்பு. இறுதியாக, அவர்கள் கொண்டுவந்த பிரெஞ்சு நோட்டுகளைப் பாதி மதிப்பில் மாற்றித்தர முனைவதில் பிணக்கு முற்றுகிறது.

இவற்றைச் சிறுமை என்று கருதுவோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அநீதி பெரும்பாலும் அளவையிலும் நிறுவையிலுமே வெளிப்படுகிறது. ஷுஐப் (அலை) அவர்களின் சமூகத்தைக் குர்ஆன் கண்டித்ததும் அளவு குறைத்தமைக்காகத்தானே? தராசைக் குறைப்பவன் எதிரில் நிற்பவனின் மனித மதிப்பையே குறைக்கிறான். பணமாற்றுக் காட்சியில் கணக்கரின் முகத்தில் வெறுப்போ கோபமோ இல்லை. இவர்களுக்கு இது போதும் என்னும் அலட்சியம் மட்டுமே உள்ளது. காலனியத்தின் இயல்பை நூறு சொற்பொழிவுகளைவிட அந்த அலட்சியம் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

முதன்மைப் பாத்திரமாகிய சார்ஜண்ட் தியாட்டா கல்வி பெற்றவர். பாரிசில் பிரெஞ்சு மனைவியும் மகளும் உள்ளவர். நூல்களிலும் மேலை இசையிலும் தோய்ந்தவர். பரிவுள்ள வெள்ளை அதிகாரியாகிய கேப்டன் ரேமோன் அவரோடு இலக்கியம் பேசுகிறார். ஆனால் தெற்கே காஸமான்ஸ் பகுதியில் உள்ள தியாட்டாவின் சொந்தக் கிராமம் எஃபோக், நெல் கொடுக்க மறுத்ததற்காக 1942இல் பிரெஞ்சுப் படையால் அழிக்கப்பட்டது என்பதும், அவருடைய பெற்றோர் அதில் மாண்டனர் என்பதும் படத்தின் போக்கில் வெளிப்படுகின்றன. நகரத்து மதுக்கூடம் ஒன்றில் அவரை அமெரிக்கக் கறுப்பர் என்று எண்ணி வரவேற்கிறார்கள். ஆப்பிரிக்கர் என்று தெரிந்ததும் வெளியேற்றுகிறார்கள். ஒரே மனிதர், ஒரே நிறம். நாட்டின் பெயர் மாறியதும் மரியாதை மாறிவிடுகிறது. ஆண்டவனின் மொழியையும் கலையையும் முழுமையாகக் கற்றுவிட்டால் அவனுக்கு நிகராகலாம் என்று நம்பிய ஒரு தலைமுறையின் கதையே தியாட்டாவின் கதை.

பேச்சிழந்தவனின் சாட்சியம்

படத்தில் நம் நெஞ்சை விட்டு அகலாத பாத்திரம் ‘பெயீ’. அச்சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் ‘நாடு’ என்று பொருள். புஹென்வால்ட் வதைமுகாமில் பட்ட துன்பத்தால் பேச்சையும் மனநிலையின் ஒரு பகுதியையும் இழந்தவன் அவன். ஜெர்மானிய எஃகுத் தொப்பியை எடுத்து அணிகிறான். தியாரோய் முகாமின் முள்வேலியைத் தொட்டுப் பார்க்கிறான். வேலியும் காவற்கோபுரமும் அவனுக்குப் பழகியவை. மற்றவர்கள் தாயகம் திரும்பியதாக எண்ணிக் களித்திருக்க, தான் மீண்டும் சிறைக்கு வந்திருப்பதை அறிந்தவன் அவன் ஒருவனே.

தளபதியை வீரர்கள் பிடித்துவைக்கின்றனர். தம் கௌரவத்தின் பேரில் அவர் வாக்குறுதி தந்ததும் விடுவித்துவிட்டு ஆடிப்பாடிக் கொண்டாடுகின்றனர். அன்றிரவு காவலில் இருக்கும் பெயீ, இருளில் பீரங்கி வண்டிகள் வருவதைக் காண்கிறான். ஓடிவந்து உறங்குவோரை எழுப்புகிறான். வாயால் ஒலியெழுப்பிக் கைகளால் சொல்கிறான். புத்தி பேதலித்தவன் பழைய போரைக் கனவு காண்கிறான் என்று அவர்கள் அவனைத் தேற்றித் திரும்ப அனுப்புகின்றனர். பிறகு முகாம் தீக்கிரையாகிறது.

இக்காட்சியின் நுட்பம் ‘ஷஹாதத்’ என்னும் சாட்சியத்தைப் பற்றி நம்மைச் சிந்திக்கவைக்கிறது. நாவுள்ள தளபதியின் வாக்கு பொய்யாகிறது. நாவில்லாத பெயீயின் ஒலி மெய்யாகிறது. வாக்குக் கொடுப்பவனின் பதவியைக் கண்டு நம்பியவர்கள், தம்முள் ஒருவனின் அச்சத்தை நம்பவில்லை. சிறைபட்ட திராயர்களில் பெரும்பாலோர் பிரான்சிலேயே அடைக்கப்பட்டிருந்தனர் என்பதால், புஹென்வால்டைத் தேர்ந்தது வரலாற்றைவிடக் குறியீட்டையே சாரும். ஆயினும் அக்குறியீடு நியாயமானது. ஐரோப்பாவுக்குள் நடந்தபோது உலகமே கண்டித்த கொடுமை, ஐரோப்பாவுக்கு வெளியே ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்று பெயர் பெற்றதை அது ஒரே உருவத்தில் காட்டிவிடுகிறது.

முகம் காட்டாத துப்பாக்கிகள்

இப்படத்தின் மீது நமக்கு ஒரு வலுவான விமரிசனம் உண்டு. படத்தில் கொலை நிகழ்வது பின்னிரவில். சுடுபவை பீரங்கி வண்டிகள். சுடுவோரின் முகங்கள் நம் கண்ணில் தங்குவதில்லை. வரலாற்றிலோ அது பகல் வெளிச்சத்தில் நடந்தது. முகாமைச் சூழ்ந்து நின்ற துருப்புகளில், பிரெஞ்சு அதிகாரிகளின் கீழ்ப் பணியாற்றிய ஆப்பிரிக்கத் திராயர்களும் இருந்தனர். சுடப்பட்டவனும் சுட்டவனும் ஒரே படையின் பெயரைத் தாங்கியிருந்தனர். இவ்வுண்மையை இருளில் மறைத்ததால், படம் தரும் துயரம் தூய்மையாகிறது. ஆனால் உண்மை சற்றுக் குறைகிறது.

செம்பேன் இதை அறியாதவர் அல்லர். 1944இல் தாமும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர் அவர். 1971இல் எடுத்த ‘எமிதாய்’ படத்தில், நெல்லை மறைத்துவைத்த ஜோலா கிராமத்து ஆண்கள் மீது துப்பாக்கி நீட்டுவோர் திராயர்களே என்பதை எவ்வித ஒளிவுமின்றிக் காட்டியவரும் அவரே. பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கண்டிப்பை அவர் ஏன் தளர்த்தினார்? கொல்லப்பட்டோருக்கு ஒரு கல்லறை வாசகம்கூட முறையாக எழுதப்படாதிருந்த நிலையில், அவர்களின் தோழர்கள் மீதும் விரல் நீட்ட மனம் வரவில்லை போலும். அவ்வுணர்வை நாம் மதிக்கிறோம். எனினும் தமக்கெதிராகவும் பெற்றோர் உறவினருக்கெதிராகவும் ஆயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு ஸூரத்துந் நிஸா பணிக்கிறது. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் ‘எமிதாய்’ என்னும் பழைய படமே கடினமான சாட்சியத்தைத் தந்திருக்கிறது.

இது வெறும் கலைநயம் பற்றிய கேள்வியன்று. தியாரோய்க்குப் பின்னும் திராயர் படை கலைக்கப்படவில்லை. 1947இல் மடகாஸ்கர் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை ஒடுக்கத் திராயர்கள் அனுப்பப்பட்டனர். இந்தோசீனாவில் விடுதலைப் போராளிகளுக்கு எதிராகவும், 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவில் முஸ்லிம் சகோதரர்களுக்கு எதிராகவும் அவர்கள் நிறுத்தப்பட்டனர். தம் நாடுகள் 1960இல் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த வேளையில், பிறர் விடுதலையைத் தடுக்கும் வேலையில் அவர்கள் இருந்தனர். படத்தின் இறுதியில், தியாரோயில் பிணங்கள் புதைக்கப்பட்ட பின், புதிதாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் கப்பலேறும் காட்சி வருகிறது. தாம் முன்னர் தவிர்த்த கேள்வியை அந்த ஒரு காட்சியில் இயக்குநர் பாதியளவு எழுப்பிவிடுகிறார். அந்தக் கப்பல் எங்கே செல்கிறது, அங்கே அவ்விளைஞர்கள் யாரைச் சுடப் போகிறார்கள் என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் சட்ட மரபில் ‘இக்ராஹ்’ என்னும் நிர்ப்பந்தம் பற்றிய பாடம் இங்கே துணை நிற்கிறது. பிறர் நிர்ப்பந்தத்தால் ஒருவன் நிரபராதியைக் கொன்றால் பழிவாங்கும் தண்டனை யார் மீது? நிர்ப்பந்தித்தவன் மீதே என்றார் இமாம் அபூஹனீஃபா. இருவர் மீதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஆயினும் கொன்றவன் பாவத்திலிருந்து நீங்கிவிடுவதில்லை என்பதில் இவ்விரு மரபுகளுக்கும் ஐயமில்லை. தன் உயிரைக் காக்கப் பிறன் உயிரை ஈடாக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே இதன் அடிப்படை. எனவே திராயரின் கணக்கேட்டில் இரண்டு பக்கங்கள் உள்ளன. அவருக்கு வர வேண்டியது ஒரு பக்கம். அவர் கொடுக்க வேண்டியது மறுபக்கம். இரண்டாவது பக்கம் இருப்பதால் முதற்பக்கத்துக் கடன் தள்ளுபடியாகிவிடாது. முதற்பக்கம் கனமாக இருப்பதால் இரண்டாவதைக் கிழித்துவிடவும் இயலாது.

இப்படத்தைத் தயாரிக்கப் பிரெஞ்சுப் பணம் பெறப்படவில்லை. செனகல், துனீசியா, அல்ஜீரியா ஆகிய மூன்று நாடுகளின் திரைப்பட நிறுவனங்கள் பொறுப்பேற்றன. திராயர்களை எதிர்த்து நின்ற அல்ஜீரியா, கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அத்திராயர்களின் துயரத்தைச் சொல்லக் கைகொடுத்திருக்கிறது. தன் உரிமையை விட்டுக்கொடுக்கத் தகுதியுள்ளவன் மனமுவந்து விட்டுக்கொடுக்கும்போது அதற்கு எத்தகைய கண்ணியம் வாய்க்கிறது என்பதற்கு இதுவே சான்று.

செம்பேனைப் பாராட்டுவதில் நம்மவர்க்குத் தயக்கம் இருக்கலாம். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து மார்க்சியத்தைத் தழுவிய அவர், 1977இல் எடுத்த ‘செத்தோ’ படத்தில் இஸ்லாத்தின் வருகையை ஓர் ஆக்கிரமிப்பாகவே சித்திரித்தார். அச்சித்திரிப்பில் நமக்கு உடன்பாடில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் வணிகர்களாலும் கல்விமான்களாலும் இஸ்லாம் பரவிய நெடிய வரலாற்றுக்கு அதில் இடமில்லை. ஆனால் ஒருவர் மீதுள்ள மனக்கசப்பு நீதி தவறத் தூண்டிவிடக் கூடாது என்பதும் நமக்கு இடப்பட்ட கட்டளைதான். ‘செத்தோ’வில் பிழைபட்டவர் தியாரோயில் நியாயம் பேசியிருக்கிறார். இரண்டையும் சொல்வதே நேர்மை.

சலுகையும் கடனும்

‘காம்ப் தெ தியாரோய்’ 1988ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. பிரான்சிலோ பல ஆண்டுகள் அது திரையரங்குகளுக்கு வரவில்லை. இதற்கு நேர்மாறான வரவேற்பைப் பெற்றது 2006இல் ரஷீத் பூஷரீப் இயக்கிய ‘அன்திஜேன்’ (சுதேசிகள்). பிரான்சை விடுவிக்கப் போரிட்ட வட ஆப்பிரிக்க முஸ்லிம் வீரர்களின் கதை அது. அதன் நடிகர்கள் கான் விழாவில் கூட்டாகப் பரிசு பெற்றனர். அதன் பேசுபொருளுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1959 டிசம்பர் 26ஆம் நாளைய நிதிச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, விடுதலை பெற்று வெளியேறும் நாடுகளைச் சேர்ந்த முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்தை அப்படியே உறையவைத்தது. அருகருகே நின்று போரிட்ட இருவரில் பிரெஞ்சுக் குடிமகனின் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர, ஆப்பிரிக்கரின் ஓய்வூதியம் நின்ற இடத்திலேயே நின்றது. இது பாகுபாடு என்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமே 2001இல் தீர்ப்பளித்தது. இருப்பினும் நிலைமை பெரிதும் அசைந்தது 2006இல், ‘அன்திஜேன்’ வெளிவந்து அதிபர் ஷிராக் அதைப் பார்த்த வேளையில்தான். முழுச் சமநிலைக்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

ஒரு திரைப்படம் இத்தகைய பயனை விளைவித்தது மகிழத்தக்கது. ஆனால் அதன் வாதத்தை ஊன்றி நோக்க வேண்டும். ‘நாங்களும் உங்களுக்காக இரத்தம் சிந்தினோம், எங்களையும் உங்களவராக ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்பதே அதன் வேண்டுகோள். ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் கடனாளியிடமே விடப்படுகிறது. நன்றியுணர்வு பொங்கும்போது அவன் தருவான். 2023 ஜனவரியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ‘திராயர்கள்’ என்னும் மற்றொரு படம் திரைக்கு வந்த அதே வாரங்களில், எஞ்சியிருந்த முதிய வீரர்கள் பிரான்சில் தங்கியிராமல் தாயகத்திலிருந்தே முதியோர் உதவித்தொகையைப் பெறலாம் என்று அனுமதிக்கப்பட்டது. அதுவரை, ஆண்டில் பாதி நாட்களேனும் பேரப்பிள்ளைகளைப் பிரிந்து அந்நிய நகரத்துச் சிற்றறைகளில் அவர்கள் கிடக்க வேண்டியிருந்தது. அனுமதி வந்தபோது, பெறுவதற்கு எத்தனை பேர் உயிரோடிருந்தனர்?

தியாரோய் வீரர்கள் நன்றியைக் கேட்கவில்லை. தம்மை அணைத்துக்கொள்ளுமாறும் கேட்கவில்லை. எண்ணித் தர வேண்டிய தொகையைத்தான் கேட்டனர். செம்பேனின் படம் அந்தக் கோரிக்கையின் வறட்சியைக் காத்தது. அதனாலேயே அது எவருடைய கண்ணீரையும் பெற்றுச் சலுகையாக மாறவில்லை. 2024ஆம் ஆண்டு கான் விழாவில் அதன் புதுப்பிக்கப்பட்ட பிரதி திரையிடப்பட்டபோதும் அதன் கேள்வி பழையதாகவில்லை.

அதே ஆண்டில், தியாரோயில் இறந்தோரில் ஆறு பேருக்குப் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தோர்’ என்னும் தகுதியைப் பிரெஞ்சு அரசு வழங்கியது. நவம்பரில், 80ஆம் நினைவுநாளையொட்டி, அது ஒரு படுகொலை என்பதை அதிபர் மக்ரோன் செனகல் அதிபருக்கு எழுதிய மடலில் ஒப்புக்கொண்டார். ஒப்புதலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ‘இக்ரார்’ எனும் ஒப்புதல் நம் நீதிமன்ற மரபில் முதன்மையான சான்று. ஆனால் பிரான்சால் கொல்லப்பட்டவரைப் பிரான்சுக்காக இறந்தவர் என்று அழைப்பது, அவர் கேளாத பட்டத்தைக் கொடுத்து அவர் கேட்ட கூலியைப் பற்றிப் பேசாதிருப்பதாகும். ஒப்புக்கொண்ட கடனை நிறைவேற்றினால்தான் அந்த ஒப்புதல் முழுமை பெறும்.

கடன் கொடுத்தவர் இறந்துவிட்டால் அவருடைய உரிமை வாரிசுகளைச் சேரும் என்பது ஷரீஅத்தின் தெளிவான விதி. வாரிசுகளைக் கண்டறிய இறந்தவரின் பெயர் தெரிய வேண்டும். தியாரோய் அடக்கத்தலத்தில் எவர் எங்கே கிடக்கிறார் என்பதற்கு இன்றும் முழுமையான பட்டியல் இல்லை. 35, 70, 300 என்னும் எண்களின் இடைவெளியை ஆய்வாளர்களுக்கிடையேயான சச்சரவு என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அந்த இடைவெளியில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒரு நிலுவைத் தொகை இருந்தது. மாலியிலோ கினியிலோ அவருடைய மக்களின் மக்கள் இருக்கின்றனர். ஆவணப் பெட்டிகளை முழுமையாகத் திறந்து அந்தப் பட்டியலை எழுதுவதிலிருந்தே கணக்கைத் தீர்க்கும் வேலை தொடங்க முடியும்.